பிரவீணன் வெட்டாத குதிரை

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டாரில் நான் நல்ல சுகம். அப்பாவும் சுகமென்றுதான் சொல்கிறீர்கள்.

நேற்று அறைத்தோழன் பிரவீணனைச் செஸ்ஸில் முதல்முறையாக வென்றேன். என் ராணி அவனுடைய இரண்டு யானைகளுக்கு நடுவில் நின்றது. முன்யானையை வெட்டினால் பின்யானை ராணியை வெட்டும். அதனால் பின்யானையை மறித்துக் குதிரையை வைத்துச் செக் சொன்னேன். அந்தக் குதிரையை அவன் வெட்டியிருக்கலாம். வெட்டாமல் தோற்றான்.

"ஏனடா விட்டுத்தந்தனி?"

"உங்களைச் சந்தோசமா வைச்சிருக்கச் சொல்லி உங்கடை அம்மா போனிலை சொன்னவ, அண்ணை. அப்பாவை ஆசுப்பத்திரி வாட்டிலை மறிச்சிருக்கினம். சின்னக் காய்ச்சல்தானாம்."

சின்னக் காய்ச்சலுக்கு யாரம்மா மறித்து வைப்பார்கள்? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். உண்மையை எழுதுங்கள். நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூளும் முடிந்துவிட்டது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பதிலின் அடியில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கட்டும்.

உங்கள் மகன்,
கோகுலன்