அப்பாவின் தகடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் எனக்கு வரும் நினைப்பு. சமையலறைக் குழாய் ஒழுகியதை உன் அண்ணன் வந்து சரி பண்ணிவிட்டான், வேலை பார்த்ததைவிட என்னைத் திட்டியதுதான் அதிகம், வேளைக்குச் சாப்பிடுவதில்லையாம். அப்பா போய் இன்றோடு மூன்று மாதம் நாலு நாள். இன்னும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா ஞாயிறு தவறாமல் விமான மைதானத்துக்குப் போவாரே, சண்டைக்காலத்துப் பழைய விமானத்தைச் சம்பளமில்லாமல் பத்துப் பேர் சேர்ந்து சரி பண்ணுகிறார்கள் என்று. டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தது போதாதா, இப்போது ஓசிக்கு விமானத்துக்கு அடியில் படுக்க வேண்டுமா என்று நான் ஏசியது உனக்கே தெரியும். நெஞ்சுவலி வந்து போக முடியாமல் ஆனபோது அந்த விமானத்துக் கதவின் உள்பக்கத் தகடு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து, என் போர்வையில் சுற்றிப் பின்அறையில் வைத்து, தொடாதே என்றார். தகரம் கையைக் கிழித்துவிடும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை அங்கே கண்காட்சி, வாங்க என்று மைதானத்துக்காரர்கள் போன் பண்ணினார்கள். அவர் விட்டுப்போன வேலையை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பதா என்று எனக்கு ஒரு ரோஷம். முந்தின நாள் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தேன். மேலே பென்சில் கிறுக்கலாக ஏதோ இருந்தது, யாரோ பிள்ளைகள் கிறுக்கியது என்று அதையும் சேர்த்துத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. அதோடு விட்டேனா, அப்பா மீசைக்காரர் என்று சொல்வாரே, அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற பெரியவர், மறுநாள் அவர் கையில் கொடுத்து, கடைசி வாரம் அப்பாவே உட்கார்ந்து தேய்த்து முடித்தார் என்று பெருமைக்கு ஒரு பொய்யும் சொன்னேன். செத்தவருக்குத்தானே பேர் வாங்கிக் கொடுக்கிறோம் என்று நினைத்தேன்.

அந்த மனுஷர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா சுத்தமா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "உயிரோட இருக்கறவரைக்கும் ஓசியில வேலை வாங்குனீங்க, இப்ப அவர் கை பட்டதை மேஜைக்கு அடியில தள்ளுறீங்களா" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அங்கே டிக்கெட் கிழிக்கிற ரிட்டயர்டு டீச்சரம்மா என்னைப் பிடித்து ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

நாற்காலிக்கு எதிரே ஒரு பலகை, அதில் அப்பா படம். குனிந்து பஞ்சுக்குச்சியால் அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண்பது வருஷத்துக்கு முன்னால் இந்த விமானத்தைப் பழுது பார்த்த நாலு பேர் பென்சிலால் எழுதிய பெயர்களாம், ஒரு காது மடங்கிய நாய்ப் படமும் வரைந்திருந்தார்களாம். கறைக்கு அடியில் கிடந்ததை அப்பாதான் எட்டு மாதம் துடைத்துக் கண்டுபிடித்தாராம். நான் படித்ததைப் பார்த்த டீச்சரம்மா குனிந்து, "கடைசியில அவருக்கு நினைவு தப்பிருச்சு போலம்மா, அதனாலதான் தேய்ச்சுட்டாரு. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு எங்க பெரியவர் சொல்லியிருக்காரு, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா மகளே, தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது போல ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்துவிட்டேன். சாகும்வரைக்கும் தெளிவாக இருந்த மனுஷர், மாத்திரை நேரம்கூட எனக்கு அவர்தான் ஞாபகப்படுத்துவார். அவரைப் புத்தி கெட்டவர் ஆக்கிவிட்டேன், தப்பைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். நான் கத்தின கத்தலையும் வாங்கிக்கொண்டு அவர்கள் அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறார்கள், கட்டின நான் காப்பாற்றவில்லை. ஆறு நாளாக அவர் போட்டோவுக்கு நேரே நின்று விளக்கேற்ற முடியவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. இது உன் கைக்கு வருவதற்குள் நான் போய், நினைவு தப்பவில்லை, பொண்டாட்டிதான் தேய்த்தாள் என்று மீசைக்காரரிடம் என் வாயால் சொல்லியிருப்பேன், எத்தனை பேர் நின்றாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா உனக்குப் போனில் படம் அனுப்புவார், அதில் அந்தப் பெயர்கள் எழுதின படம் இருந்தால் எடுத்து வை, அவர்களுக்கு அனுப்பலாம். நீ அழித்திருந்தால் மறைக்காமல் அழித்துவிட்டேன் என்று எழுது, உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் ஏது. பிள்ளைக்குக் குளிரில் காதை மூடிவிடு. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதானால் முழுவதும் சொல், பாதி சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா