நாலாம் நம்பர் கவுண்ட்டரின் வாய்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் ஒரு சமஸ்தானாதிபதி. சூப்பர் மார்க்கெட்டின் நாலாம் நம்பர் கவுண்ட்டரில், பில் போட்ட சாமான்களைப் பையில் அடுக்கும் ஏகபோக உரிமை எனக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ராஜ உடை பச்சை. தொப்பையைச் சுற்றி வருவதற்குள் ஒரு பொத்தான் ராஜினாமா செய்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். கவுண்ட்டர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் என் அண்ணன் மகள். நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை, இன்று என்னை நிற்க வைத்துப் பாடம் எடுத்தாள். கனமானது அடியில். முட்டையும் ரொட்டியும் மேலே. சோப்பும் ரொட்டியும் ஒரு பையில் சேரவே கூடாது.

"ஒரு மாசம் பார்ப்பாங்க. சரியா இருந்தாத்தான் வேலை. கடையில நான் உங்க பொண்ணு இல்ல, தெரிஞ்சுக்கோங்க சித்தப்பா."

"சித்தப்பான்னு கூப்பிட்டே சொல்றியேம்மா!"

முறைத்தாள். அச்சு அசல் அண்ணியின் முறைப்பு.

மார்ச் 4, செவ்வாய்

"ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று அண்ணன் கேட்டார். தேச சேவை என்றேன். நம்பவில்லை.

உண்மையை இங்கே மட்டும் எழுதுகிறேன். காலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம் வரை இந்த வீட்டில் என்னோடு பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் ஒரே வார்த்தை: ம்ம்ம்ம். இந்த டைரி இவ்வளவு குண்டாகிப் போனதற்கும் அதுதான் காரணம். வேறு யாரிடம் சொல்வது?

மார்ச் 7, வெள்ளி

ஊரில் பாதிப் பேர் எனக்கு அக்கா ஆகிவிட்டார்கள். மீதிப் பேர் தம்பி.

ஒற்றை எலுமிச்சம்பழம் வாங்க வந்த ஒரு தம்பி, தன் வீட்டு ஓனரைப் பற்றி முழு ராமாயணமும் சொல்லிவிட்டுப் போனான். எலுமிச்சம்பழத்துக்குப் பை தேவையில்லைதான். கதைக்காகப் போட்டுக் கொடுத்தேன். பின்னால் வரிசை அடுத்த மாநிலம் வரை நீண்டதாக அண்ணன் மகள் சொல்கிறாள். மிகைப்படுத்துகிறாள். எங்கிருந்துதான் இந்தப் பழக்கம் வந்ததோ!

மார்ச் 11, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். தலைமுடி அதைவிடக் கறுப்பு. பையை நீட்டி, அன்பு பொங்க, "பெரியம்மா, முட்டை மேல இருக்கு, பத்திரம்"னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வேற என்ன சொல்லிட்டேன்?

கண்ணாடியைக் கழற்றினாள். பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த மெஷின்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"யாருக்கு யாரு பெரியம்மா? உங்க தலையில முடின்னு ஏதாவது இருக்கா? இருந்தா அது என்ன கலர்னு பார்த்துட்டுச் சொல்லுங்க, யாரு பெரியவங்கன்னு."

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இஸ்திரிப்பெட்டி. சட்டையில் மடிப்பு இருக்காது, பேச்சில் சூடு இருக்கும். தீர்ப்பு உடனே வந்தது. இனிமேல் கடையில் அக்கா, தம்பி, மாமா, மச்சான் யாரும் கிடையாது. சார், மேடம் மட்டும். நான் பின்பக்கம், காய்கறிக் கிடங்கில்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் மகள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். வாசலில் நின்று சொன்னாள்: "கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருங்க சித்தப்பா. நான் சிபாரிசு பண்ணி உள்ள கொண்டு வந்தது."

அவளுக்குத் தலைகுனிவு. அதுதான் வலிக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

உருளைக்கிழங்கு மூட்டை. நன்றாகக் கேட்கிறது. பதில்தான் இல்லை.

மார்ச் 17, திங்கள்

வெங்காயத்திடம் என் கதையைச் சொன்னேன். எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

மார்ச் 22, சனி

சனிக்கிழமை, அதுவும் தள்ளுபடி நாள். உலக ஜனத்தொகை முழுவதும் டிராலியோடு வந்துவிட்டது. நாலாம் கவுண்ட்டரில் இருந்த பையன் லீவு. அண்ணன் மகள் கிடங்குக்கு ஓடி வந்தாள்.

"வாங்க. கை மட்டும் வேலை செய்யணும். வாய் மூடியே இருக்கணும். என் மேல சத்தியம்."

நின்றேன். அடுக்கினேன். மலை மலையாக அடுக்கினேன். தலையை மட்டும் ஆட்டினேன். முனிவர்கள் காட்டுக்குப் போய் என்ன பெரிதாகச் சாதித்தார்கள்? சனிக்கிழமை கவுண்ட்டரில் மௌன விரதம் இருந்து பார்க்கட்டும்.

அப்போது வரிசையில் — அதே கறுப்புக் கண்ணாடி.

அண்ணன் மகளின் முகம் வெளிறியது. நான் தரையைப் பார்த்தேன். பால், பருப்பு, பற்பசை. ஒவ்வொன்றாக, பாம்பைத் தொடுவது போலத் தொட்டு அடுக்கினேன். எல்லாம் முடிந்து முட்டையை மேலே வைக்கும் நேரம், பிஸ்கட் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் கடையே அதிரக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்:

"பெரியம்மாஆஆ! பெரியம்மா! இந்த சாக்லேட்டு!"

தங்கை மகளாம். மொத்தக் கடையும் திரும்பியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். என் வாய்க்குள் ஒரு யானைக் கூட்டம் கதவை முட்டியது. சத்தியம் பண்ணியிருக்கிறேனே! தாங்குமா? தாங்கவில்லை.

குனிந்து, மிகுந்த கவலையோடு சொன்னேன்: "பாப்பா, கடைச் சட்டம் தெரியாதா? இங்க மேடம்னுதான் கூப்பிடணும். இல்லைன்னா உருளைக்கிழங்கு மூட்டையோட உட்கார வச்சிருவாங்க. என்னைக் கேளு."

குழந்தை என்னைப் பார்த்தது. பெரியம்மாவைப் பார்த்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

"மேடம், சாக்லேட்டு வாங்கித் தாங்க மேடம்."

முதலில் சிரித்தது என் அண்ணன் மகள். பிறகு அந்த அம்மாள். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி முட்டை மேல் விழும் வரை சிரித்தாள். "அட பாவி மனுஷா!" என்றாள். அந்தப் 'பாவி'யில் பாதிச் சர்க்கரை.

சத்தியத்தை மீறியதற்கு வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்து, வாக்கியத்தை முடிக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

இஸ்திரிப்பெட்டி கூப்பிட்டார். அந்த அம்மாள் நேற்று மறுபடி வந்தாளாம். "பாப்பா ரெண்டு நாளா என்னை மேடம்னுதான் கூப்பிடுறா. கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளைப் போய் ஏன் மூட்டையோட உட்கார வச்சிருக்கீங்க?" என்றாளாம்.

"பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கை நிக்கக்கூடாது. உறவுமுறை வைக்கிறதா இருந்தா, கேட்டுட்டு வைங்க" என்றார்.

இன்று மறுபடி நாலாம் கவுண்ட்டரில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "அண்ணனா, தம்பியா, சாரா? எப்படிப் போடட்டும்?" ஒரு மொட்டைத் தலைக்காரர் வெகுநேரம் யோசித்து, "மச்சான்னு போடுங்க. ரொம்ப நாளாச்சு யாராவது கூப்பிட்டு" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

மாசம் முடிந்தது. கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் அண்ணன் மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"நாளைலேருந்து உங்களுக்குக் காலை ஷிஃப்ட். அந்தப் பொத்தானைத் தைச்சுப் போடுங்க, சித்தப்பா. நிரந்தர ஆளு மாதிரி இருக்கணும்ல."

ஏப்ரல் 10, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் கவுண்ட்டரிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. படுக்கப் போகிறேன்.