வண்டி ஏன் ஏறவில்லை?

ஏனுங்க,

இன்று காலை ஒண்டிக்கடை முக்கில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். மலையேறி வந்த சுற்றுலாக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பின் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை. ஓட்டி வந்தவர் தன் மனைவியிடம், "ஒண்ணுமில்ல, கிளட்ச் வாசனை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இதையேதான் நீங்களும் அன்று என்னிடம் சொன்னீர்கள். தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் விடாமல் கேட்கிறாளே என்று நினைக்காதீர்கள். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பழைய சின்னக் காரை வாங்கினோம். பின்கதவைத் தூக்கினால் ஒரு காப்பிக்கொட்டை மூட்டை முழங்காலை மடக்கி உட்காரும், அவ்வளவுதான் இடம். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் தலைச்சோலைக் காப்பித் தோட்டத்தை விட்டு வரமாட்டீர்கள். பஸ்ஸை நம்பினால் காலை மணி அடித்த பிறகுதான் நான் போய்ச் சேருவேன். கார் ஒன்றுதான் வழி. "வண்டி தெனமும் மலை ஏறுமான்னு மொதல்ல பாப்போம் புள்ள. ஏறுச்சுன்னா போ" என்றீர்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் நான் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி ஏறவில்லை. பாதி மலையிலேயே மூச்சு வாங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஆரனிலேயே என்னைத் திட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? முதலில் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். பிறகு சேலத்து மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன். பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, டைமிங்கைச் சரிபார்த்து, சக்கரத்தடியில் ஏதோ திருகி முடிக்கும்வரை ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடிக்கவில்லை. கண்ணை எடுத்தால் நல்ல சாமானை எடுத்துவிட்டுப் பழசை மாட்டிவிடுவார் என்ற பயம். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். விற்றவனைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கிளட்சை மிதிக்கும் என் இடது காலைக்கூடச் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. சேலத்தில் வண்டிக்கு வேலை பார்த்துவிட்டு ஏறும்போதெல்லாம் வண்டி ஓரளவு நன்றாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கழிந்தால் பழைய கதைதான். ஞாயிறு காலையில் அதை எடுப்பது நீங்கள். கறி வாங்க ஒண்டிக்கடை வரை போய் வருவீர்கள். கறி வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. அந்த நாட்களில் என்னென்னவோ நினைத்தேன். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

அடுத்தமுறை சேலத்து மெக்கானிக் இஞ்சினைத் திறக்கவே இல்லை. ஜாக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். "டீச்சரம்மா, இந்தச் சக்கரத்தைக் கையில சுத்துங்க பாப்போம்" என்றார். இரண்டு கையாலும் தள்ளினேன், அசைய மறுத்தது. "பிரேக்கை இப்புடி இறுக்கி வெச்சா எந்த வண்டீங்க மலை ஏறும்? நான் தளத்தித் தளத்தி அனுப்பறேன், மேல யாரோ மறுக்கா இறுக்கறாங்க" என்றார்.

நேரே மலையேறி, ஒண்டிக்கடையில் இருந்த வண்டிப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் மறைக்கவில்லை. "சார்தானுங்க இறுக்கச் சொன்னாரு. டீச்சரு தனியா எறங்கப் போறாங்க, பிரேக்கு நொம்ப டைட்டா இருக்கோணும்னாரு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம், பயந்துக்குவாங்கன்னாரு."

நம் மலையில் பலர் செய்வதுதான். இறங்கும் பயத்தில் பிரேக்கை இறுக்கச் சொல்வார்கள். ஏறும்போது அதே பிரேக் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதை நினைக்க மாட்டார்கள். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள் என்று நம்பிவிடலாம். ஆனால் வண்டி திணறிய ஒவ்வொரு முறையும், "பாத்தியா, இதை நம்பியா வேலைக்கு ஒத்துக்கப் போறே?" என்று கேட்டது யார்? தீய்ந்த வாசனைக்குக் கிளட்ச் என்று பெயர் வைத்தது யார்?

உங்களிடம் எதையும் கேட்காமல், பிரேக்கை அளவாகச் சரிசெய்ய வைத்தேன். மிதித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. பிறகு ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி உங்களைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது நீங்கள் என் பக்கத்து இருக்கையில். முதல் கியர் கேட்ட வளைவுகளை வண்டி இரண்டாம் கியரிலேயே சுலபமாகக் கடந்தது. மேலே வந்த பிறகுதான், "நல்லாத்தான் ஏறுது" என்றீர்கள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கு அது வலித்தது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஏனுங்க, நான் உளுந்துருவேன்னு பயந்தீங்களா, இல்ல போயிருவேன்னு பயந்தீங்களா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "பனி எறங்குது. கண்ணாடிய ஏத்து" என்றீர்கள்.

அன்றிரவே பள்ளிக்குச் சம்மதம் என்று எழுதினேன். முதல் வாரம் முழுவதும் நீங்களும் என்னோடு காரில் இறங்கி, பள்ளி வாசலில் என்னை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினீர்கள். காவலுக்கு வந்தீர்களா, உளவு பார்க்க வந்தீர்களா? அதையும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு காலையும், "எத்தனை மணிக்கு வருவே?" என்றீர்கள். ஒவ்வொரு காலையும் எரிச்சலோடு பதில் சொன்னேன். ஒருநாள்கூட உங்களை முழுசாக நம்பியதில்லை. ஒருநாள்கூட உங்களை விட்டுவிட்டு எங்கேயாவது போக நினைத்ததும் இல்லை. இரண்டும் உண்மை.

இன்று காய்கறிப் பையோடு நம் ஊர் ஏரியை ஒரு சுற்று சுற்றினேன். தெரிந்தவர்களோடு நின்று பேசினேன். வீடு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க யாரும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உங்களிடம்தான் சொல்லி அழவேண்டும் போலிருக்கிறது.