எண்ணெய் வைத்த தலைகள்

இன்று பின்னேரம் நெடுங்கேணி வாசிகசாலையில் பதிவு முடிந்ததும், மூளை அலைகளை எடுக்கும் அந்தத் துணித் தொப்பியைக் கழுவினேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அதில் தேங்காயெண்ணெய் மணக்கிறது. அந்த மணத்தோடு நீ வந்துவிட்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நரம்பியலையும் கணினியையும் சேர்த்துப் படிப்பித்த அந்த முதுநிலை வகுப்பில் நம் இருவரையும் சோடியாகப் போட்டார்கள். நீ கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் கனகராயன்குளத்து இயன்மருத்துவப் பெண், நான் கிளிநொச்சிக் கணினிக்காரி. அவரவர் பாடத்தை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. நரம்பு ஓடும் வழியைக் காட்ட நீ உன் முழங்காலையே நீட்டினாய். நானோ புரோகிராம் எழுதக் காட்டும்போது எரிந்து விழுவேன். "ஏசாமல் சொல்லித் தாவன், எனக்கும் விளங்கும்" என்பாய்.

போரில் காலை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் காலே இன்னும் வலிக்கிறதே, அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் ஆய்வு. தெளிவில்லாத பதிவுகளை என் புரோகிராம் தானாகவே கழித்துவிடும். அதில் எனக்கு நல்ல பெருமை. ஒருநாள் நீ கழிபட்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி வாசித்தாய்.

"எல்லாம் பொம்பிளையளடி."

"அலை சரியில்லை, புரோகிராம் கழிச்சிட்டுது. நான் என்ன செய்யிறது?"

"புரோகிராமை எழுதினது ஆர்?"

நாம் வரச்சொன்னோம் என்று அந்தப் பெண்கள் தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்து, வாரிப் பின்னி, பூவும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எண்ணெய் படிந்த தலையில் மின்முனைகள் சரியாகப் பிடிக்காது. நமக்குத் தந்த மரியாதையைத்தான் என் புரோகிராம் பிழை என்று கழித்திருந்தது. எண்ணெய் வைக்காமல் என்னை வெளியே விடாத அம்மா எனக்கும் இருந்தார். இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"திரும்பப் போய்த் தலை முழுக வார்த்துப் பதிவு எடுப்பம்" என்றாய். ஆய்வைக் கையளிக்கும் நாள் நெருங்கியிருந்தது. பெண்களைச் சேர்க்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுவோம் என்றேன்.

"ஒரு வரியோ?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த நாள் ஒரு வாளியும் ஷாம்புவும் கொண்டு தனியே பஸ் ஏறினாய்.

உன் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கிளினிக் நாட்களைத் தள்ளிப்போட்டுவிட்டு வீடு வீடாகப் போனாயாம். கடைசி வீட்டில் அந்த அம்மாவுக்கு முழுக வார்த்துவிட்டு, தொப்பியைப் போடமுன் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் நீ சொன்னது இதுதான்: "அந்த அம்மாவின்ரை பதிவு மட்டும் மிச்சம் கிடக்கடி." இரண்டு கிழமை கழித்து நீ இல்லை. கிளினிக் போகாததால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. அதனால் எனக்கு ஆறுதலும் இல்லை. உடம்பு வருத்தத்தைச் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன், என் கோபம் அதுதான். சொல்லாவிட்டாலும் நான் வந்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வருடமாக ஆய்வைக் கையளிக்காமல் வைத்திருந்தேன். இன்றுதான் அந்த அம்மாவைக் கூப்பிடத் துணிவு வந்தது. மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். ஊன்றுகோலோடு, தலை நிறைய எண்ணெயோடு வந்தார்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப சொகமாம்மா?"

"இல்லை அம்மா. அவா செத்துப்போனா."

அவர் ஊன்றுகோலை ஊன்றி வாசிகசாலைக் கிணற்றடிக்குப் போனார். அங்கே கதிரையில் அமர்ந்து, கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்து தந்தார். நான் வாளியைத் தூக்கினேன்.

"அந்தப் புள்ள தண்ணி குளிருதான்னு கேட்டுட்டுத்தான் ஊத்தும்."

வாளியைக் கீழே வைத்தேன். கையில் கொஞ்சம் அள்ளி அவர் பிடரியில் விட்டேன்.

"குளிருதோ அம்மா?"

"இல்லம்மா, ஊத்து" என்றார். அதற்குப் பிறகுதான் ஊற்றினேன்.