பக்கத்து சீட்

ஜூன் 4, வியாழன்

இந்த நோட்டின் அட்டையில் புவியியல் என்று எழுதியிருக்கிறது. அதை நம்பிப் பிரித்தவர் நீங்கள் என்றால், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள், அவருக்கு இப்போது ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

நான் திருடவில்லை. ஒரு சாவியை மாட்ட வேண்டிய ஆணியில் மாட்டவில்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மெக்கானிக் மாமா வண்டியைச் சர்வீஸ் முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா கிளினிக்கில் இருந்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். "அப்பாகிட்ட சொல்லும்மா, இதான் கடைசி சர்வீஸ். வாங்கப்போறவன் புது வண்டின்னே ஏமாந்துடுவான், அப்படித் துடைச்சு வெச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே இரண்டாவது சாவியை என் கையில் கொடுத்தார். சர்வீஸுக்கு எப்போதும் அந்தச் சாவிதான் போகும், வரும். செருப்பு அலமாரிக்கு மேலே அதற்கு ஓர் ஆணி உண்டு. என் கை ஆணி வரை போனது. பிறகு சாவியோடு என் அறைக்கு வந்துவிட்டேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அம்மா அதற்கு வைத்த பெயர் செருப்பு. "உங்கப்பா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு" என்பார். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. இடுப்புவலி வந்த பிறகு அம்மா அதில் ஏறுவதே இல்லை. அதனால் ஏழு வயதிலிருந்து பக்கத்து சீட் என்னுடையது. அப்பா என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். "என்ன பக்கத்து சீட், போலாமா?" என்று கேட்டு ஸ்டியரிங்கில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால்தான் வண்டி கிளம்பும்.

அப்பா பல் டாக்டர். நாள் முழுக்க ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர், வீட்டுக்கு வந்தால் வாய் திறப்பதில்லை. சாப்பாடு, பேப்பர், தூக்கம். வண்டிக்குள் மட்டும் பேசுவார். விரலைக் கடித்த நோயாளியைப் பற்றி, படிக்கும்போது ஒரு பாடத்தில் மூன்று முறை ஃபெயில் ஆனதைப் பற்றி, பாம்பைவிடப் பல்லிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார் என்பதைப் பற்றி. இதெல்லாம் அம்மாவுக்கே தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் பாப்பா வருகிறது. எனக்குப் பதினான்கு வயதாகும்போது. இரண்டு சீட்டில் நான்கு பேர் எப்படிப் போவது? அதனால் செருப்பைக் கொடுத்துவிட்டு நாலு கதவு வண்டி வாங்கப்போகிறார்கள்.

சாவி இப்போது அலமாரியில், நாப்கின் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. இந்த வீட்டில் அப்பா தொடாத ஒரே பொருள் அது.

ஜூன் 5, வெள்ளி

யாரும் கேட்கவில்லை. ஆணியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

ஜூன் 7, ஞாயிறு

மூன்று பேரும் ஷோரூமுக்குப் போனோம். வாடகைக் காரில்தான், வேறு எப்படி?

சாம்பல் நிறம். பார்த்தால் ஆபீஸ் போகிற யாரோ ஒருவரின் கார் மாதிரி இருக்கிறது. விற்பனைக்காரர் மட்டும் கண்ணை உருட்டி உருட்டிப் பேசினார். "சார், வெளியில பார்த்தா பசு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சீங்கன்னா புலி. உங்க பழைய வண்டிக்கு நூறைத் தொட எத்தனை நொடி? இது அதுக்கு முன்னாடி தொட்டுடும்."

"பசுத்தோல் போர்த்திய புலின்னு சொல்லுங்க" என்றார் அம்மா. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வண்டிக்கு வெளியே அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மா வீடுகளுக்குப் பிளான் வரைகிறவர். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து டிக்கியை அளந்தார். தள்ளுவண்டி மடிக்காமலே போகுமாம். பின் சீட்டின் இடுக்கில் விரலை விட்டு, குழந்தை இருக்கையை மாட்டுகிற கொக்கியைக் கண்டுபிடித்து, "இங்க பாப்பா, அந்தப் பக்கம் நீ. இனிமே நீ பின் சீட்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் முன் சீட்டின் முதுகைப் பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பனைக்காரர் முன்னால் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால். கண்ணாடியில் அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. அவர் பழக்கத்தில் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். என் கை டேஷ்போர்டுக்கு எட்டாது. "என்ன சார், ஏதாவது ஆடுதா?" என்று கேட்டார் விற்பனைக்காரர். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியை எடுத்தார்.

கிளம்பும்போது விற்பனைக்காரர் சொன்னார்: பழைய வண்டி, சர்வீஸ் புத்தகம், இரண்டு சாவி. மூன்றையும் கொண்டுவந்தால் வெள்ளிக்கிழமை புது வண்டி வாசலில் நிற்கும். ஒரு சாவி வெளியில் இருக்கிற வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இரண்டு சாவி.

ஜூன் 9, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா ஆணியைப் பார்த்தார். கோட்டுப் பை, மேஜை இழுப்பறை, ஷூவுக்குள்கூடத் தேடினார். பிறகு மெக்கானிக் மாமாவுக்குப் போன் போட்டார். நான் படிக்கட்டில் நின்றேன். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை உன்கிட்ட குடுத்தேங்கறாரு. குடுத்தாரா?"

"இல்லையே."

அதை எங்கே கற்றுக்கொண்டேன்? கொஞ்சம் ஆச்சரியப்படுகிற மாதிரி இழுத்து வேறு சொன்னேன். அப்பா என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உடனே போனில், "அவ பொய் சொல்ல மாட்டா. நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். அந்தப் பக்கம் மாமா ஏதோ நிறையப் பேசினார். அப்பாவின் குரல் மாறிவிட்டது. "குழந்தை மேல பழிபோட வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஏன்ப்பா பார்க்கல?

ஜூன் 11, வியாழன்

இரவு அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சாவி காணாத விஷயம் தெரிந்து, ஒர்க்ஷாப் முதலாளி மெக்கானிக் மாமாவிடம் இனி எந்த வண்டியையும் வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இந்த மாதக் கடைசிக்குள் சாவி கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "தொலைச்சுட்டேன்னு சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன்" என்றார் அப்பா.

"பூட்டையே மாத்திடலாமே" என்றார் அம்மா.

"அந்த வண்டிக்குப் பூட்டோ சாவியோ, செஞ்ச கம்பெனிலேருந்துதான் வரணும். நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் புது வண்டி வராது. பழசைக் குடுத்தாத்தானே அவங்க புதுசைத் தருவாங்க."

நாலு வாரம். நான் கேட்டது இதுதானே? கிடைத்துவிட்டது. ஏன் சந்தோஷமாக இல்லை?

ஜூன் 13, சனி

அப்பா என்னைச் செருப்பில் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தட்டு. ஒரு தட்டு. ஏரியைச் சுற்றுகிற சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். அந்த வண்டியை அவர் மெதுவாக ஓட்டி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"வண்டி போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றார், நான் கேட்காமலே. கொஞ்ச தூரம் போனதும், "பொய்தான். கொஞ்சம் வருத்தம்தான். அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

பிறகு மாமாவைப் பற்றிப் பேசினார். "பதினோரு வருஷமா அவர் கையைத் தவிர வேற யார் கையும் இந்த வண்டி மேல பட்டதில்ல. சாவி போனா போகட்டும். உன் பேரைச் சொன்னாரு பாரு, அதைத்தான் தாங்க முடியல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே ஒரு பேருந்து வந்தது. அது கடந்து போனதும் வாய் மூடிவிட்டது. பேருந்து மேல் பழிபோடுகிறேன். எனக்குப் பழிபோட நன்றாக வருகிறது.

அப்பா என்னை அடித்ததில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார். வீட்டில் எப்படியும் பேச மாட்டார். இனி வண்டியிலும் பேச மாட்டார் என்றால் எங்கேதான் பேசுவார்?

ஜூன் 15, திங்கள்

பக்கத்து பெஞ்சுக்காரியிடம் பாப்பா விஷயத்தை மட்டும் சொன்னேன். "உங்க அம்மாவுக்கா? இந்த வயசுலயா?" என்று கேட்டாள். மதியத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி எதையும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இந்த நோட்டு போதும்.

ஜூன் 16, செவ்வாய்

வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்பாவைக் கூப்பிடு. பயப்படாத, கூப்பிடு" என்றார். தரையில் ரத்தம் இருந்தது. அப்பா ஏழு நிமிடத்தில் வந்துவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை என்றார்.

செருப்பில் நின்றபடி ஏற முடியாது. முதலில் கீழே இறங்குகிற மாதிரி உட்கார வேண்டும், அப்புறம் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். அம்மாவால் எடுக்க முடியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. சீட்டைச் சாய்க்கப் பார்த்தேன். அது சாயாது. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்பக்கம், சீட்டை ஒட்டியே அதன் சுவர்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நீ வீட்ல இரும்மா. கதவைப் பூட்டிக்க" என்றார்.

தட்டவில்லை. தட்டாமலே வண்டி கிளம்பும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

புது வண்டி போன வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டியது. அதில் அம்மா பின் சீட்டில் படுத்துக்கொண்டு போயிருக்கலாம். தலை என் மடியில் இருந்திருக்கும். இதைச் செய்தது நான். வேறு யாருமில்லை.

பக்கத்து வீட்டு அத்தை வந்து துணைக்குப் படுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குளியலறைத் தரையை நானே கழுவினேன். சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சின்னப் பொருள்.

பாப்பா, நீ வேண்டாம் என்று நான் ஒருநாள்கூட நினைக்கவில்லை. ஒருநாள் நினைத்தேன். ஒரே ஒருநாள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜூன் 17, புதன்

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அப்பா போனில் சொன்னது இந்த நான்கு வார்த்தைதான்.

ஜூன் 19, வெள்ளி

அம்மா பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், ஆனால் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமாம்.

பள்ளி விட்டதும் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஒரு வேனுக்கு அடியில் மாமாவின் ஷூ இரண்டும் தெரிந்தன. இடது ஷூவில் கரும்பச்சைப் பெயிண்ட் புள்ளி ஒன்று இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். அவர் வெளியே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்த்தால் வராது என்று தெரிந்தது. ஷூவைப் பார்த்துச் சொன்னேன். "மாமா, சாவி என்கிட்டதான் இருக்கு. நீங்க குடுத்தீங்க. நான்தான் இல்லேன்னு சொன்னேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. ஷூ அசையவில்லை.

"ஏன்மா?" என்றது குரல்.

நான் ஷூவிலிருந்த பச்சைப் புள்ளியையே பார்த்தேன்.

"பத்து நாளா நான் என் தலையையே சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கேன், தெரியுமா? ராத்திரியெல்லாம் யோசிக்கறேன், குடுத்தேனா, குடுக்கலயான்னு. என் பொண்டாட்டி டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்கறா."

"சாரி மாமா."

"போம்மா. வேலை கிடக்குது."

பரவாயில்லை என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. ஸ்பேனர் சத்தம் மறுபடி கேட்கும் வரை நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20, சனி

சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். அதோடு ஒரு காகிதமும். 'மெக்கானிக் மாமா என்னிடம்தான் கொடுத்தார். நான் பொய் சொன்னேன்.' ஏன் என்று எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. எழுதினால் சாக்கு மாதிரி இருக்கும்.

விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் டார்ச்சோடு எழுதுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். கதவுச் சத்தம். ஒரு ஷூ கழற்றுகிற சத்தம். இரண்டாவது ஷூ சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரமாகக் கேட்கவில்லை.

யாருக்கோ போன் பேசுகிறார். "...தூங்கிட்டீங்களா? இல்ல, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்... இல்லைங்க, முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்... என்னது, உங்ககிட்ட வந்து சொன்னாளா? எப்போ?" அப்புறம் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு போன். ஷோரூம்காரராக இருக்க வேண்டும். "ரெண்டு சாவியும் இருக்கு. நாளைக்குக் காலையில கொண்டுவர்றேன். திங்கட்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வர வண்டி வேணும்... ஆமா, பின்னாடி ரெண்டு பேர். என் பொண்ணு மடியில படுத்துக்கிட்டு வருவாங்க."

என் பொண்ணு என்றுதான் சொன்னார். எந்தக் குரலில் சொன்னார் என்று தெரியவில்லை. கதவு மூடியிருக்கிறது.

குழாய்ச் சத்தம். தண்ணீர் குடிக்கிறார். படிக்கட்டு. ஒரு காலில் ஷூவோடுதான் ஏறுகிறார், ஒரு படி சத்தம், ஒரு படி மௌனம். என் அறைக்கு அவர் வருவதே இல்லை. வந்தாலும் வெளியில் நின்று, என்னைக் கூப்பிடும்படி அம்மாவிடம்தான் சொல்வார். வாசலில் நிற்கிறார். கதவின் அடியில் நிழல். இந்த நோட்டை எங்கே வைப்பது? வேண்டாம், இருக்கட்டும். ஏன் ஒன்றும் பேசாமல் நிற்கிறார்? ஏதாவது சொல்லுங்கப்பா, திட்டுங்கப்பா, சும்மா நிக்காதீங்க—

தட்டுகிறார்.

இரண்டு தட்டு. தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்.

நான் ஒரு