இட்டேரியா, எட்டேறியா

9-8-96, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. மில் ஆபீசில் டைப் அடித்த கடிதம் அத்தனையிலும் பிழை. எல்லாம் அந்தக் கேசட்டால்.

மாதா திருநாளன்று வெளியீடாம். கோவில் வாசலில் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது பாட்டு என்னுடையது! போன வருஷம் நான் எழுதி, மெட்டுப் போட்டு, பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தது. அட்டையில் "பாடல், இசை: ராபின், சென்னை". போன திருநாளுக்குக் கீபோர்டு வாசிக்க வந்த ஆள்.

திருடியதையாவது ஒழுங்காகத் திருடினாரா? நான் எழுதியது: "இட்டேரி வந்தேன் இயேசுவே, இருபுறம் வேலியாய் நீர் வந்தீர்." கேசட்டில் "எட்டேறி வந்தேன்". எங்கே ஏறினாராம்?

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் ஆறவில்லை.

11-8, ஞாயிறு

பூசை முடிந்ததும் அருளைப் பிடித்தேன். குழுவில் கட்டைக் குரல், கோர்ட்டில் வக்கீல்.

"எழுதுன நிமிசமே உரிமை உங்களுதுங்க அக்கா. பதியோணும்னு கட்டாயமில்லீங்க."

ஆண்டவர் துணைக்கு வருவார் என்பது வெறும் கருத்து. அது யாருக்கும் சொந்தமில்லையாம். அதைச் சொன்ன வார்த்தைதான் சொந்தம். பாட்டையே விற்றாலும் இரண்டு உரிமை எழுதியவரிடமே நிற்கும். பேர் போடச் சொல்வது, பாட்டைச் சிதைத்தால் தடுப்பது.

"எழுதுன தாள் இருக்குதுங்களா?"

இல்லை. பிள்ளைகள் கையில் கிழிந்தே போனது. பயமாக இருக்கிறது.

பங்குச் சாமியார்: "ஆண்டவருக்குப் பாடுற பாட்டு. பேர் எதுக்கம்மா?" கோவில் டியூப்லைட்டில்கூட உபயம் பேர் இருக்கிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

13-8, செவ்வாய்

அரை நாள் லீவு. சாமியார் அறையில் ராபின், அருள், நான்.

ராபின் சத்தியமே செய்தார், தான் எழுதியதென்று. "எட்டேறி என்றால்?" சாமியார் கேட்டார். கொஞ்சமும் தடுமாறவில்லை அந்த ஆள். "எட்டுப் பேறுகள், ஃபாதர். மலைப்பொழிவுல இயேசு சொன்னாரே, அந்த எட்டு ஆசி. ஒவ்வொரு படியா ஏறி வர்றோம்." சாமியார் முகம் மலர்ந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது, பாவி!

அருள்தான் கேட்டார். "படியேறி வந்தவருக்கு ரெண்டு பக்கமும் வேலி எதுக்குங்க?"

ராபின் கேசட் அட்டையைப் புரட்டினார். நான் சொன்னேன்: "அது இட்டேரிங்க சாமி. ரெண்டு வேலிக்கு நடுவால மாடு கன்னு போற தடம். கோபிப் பக்கம் எங்க காட்டுக்கு அதுலதான் போவோணும்."

ராபின் தலை குனிந்தார். அட்டையில் என் பேரை ஒட்டித் தருகிறாராம். மறுபடி பாடிப் பதிவுசெய்ய நேரமில்லையாம்.

"வார்த்தையையும் திருத்தச் சொல்லலாங்க அக்கா, அதுவும் உங்க உரிமைதான். வெளியீட்டத் தள்ளி வெக்கட்டும்."

சாமியார் என்னையே பார்த்தார். பேர் போதுங்க என்று சமரசத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

15-8, வியாழன்

மழை. திருநாள் பூசை. கேசட்டில் ஒட்டுச் சீட்டு கொஞ்சம் கோணல். "பாடல், இசை: செசிலி, கோவை." விரலால் தடவிப் பார்த்தேன்.

நற்கருணை நேரத்தில் நம் பிள்ளைகள் பாடினார்கள். ஒரு வாரமாக வாசலில் ஓடும் கேசட்டைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் "எட்டேறி". நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்!

வாசலில் தையல் கடை மேரி என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் ஈரம். "எட்டுப் பேறையும் ஒரே வார்த்தைல கொண்டாந்துட்டீங்களே அக்கா! சாமி பிரசங்கத்துல சொன்னாருங்க. நீங்களே யோசிச்சதுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.