முந்திப் போனதால் பிந்தியது

ஒக்டோபர் 13, திங்கள்

விடியலிலிருந்து மழை. கொழும்பு காலி வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கம்பஸ் லாப்புக்குப் போனதும் முதல் வேலை பம்ப்பைப் பார்த்தது. சனி ஞாயிறு முழுக்க ஓடியிருக்கிறது. மறுபடியும் பிந்தியிருக்கிறது. சனியன்.

தலை தெளிய முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் சின்னப் பம்ப். உள்ளே ஒரேயொரு சிப். அதற்கு மூன்று வேலை: குழாயில் அழுத்தம் அளப்பது, மோட்டாரைத் தள்ளுவது, திரையில் எழுதுவது. மோட்டார் மட்டும் சொன்ன நேரத்துக்குள் தள்ளியே ஆக வேண்டும். ஒருநாளும் பிந்தாது என்று கணக்குப் போட்டு நிரூபித்தது நான். என் ஆய்வேடே அதுதான். பம்ப் அதைப் படிக்கவில்லை போல.

என் ஆய்வைப் பார்க்கிற சேர் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை வார்ட்டில இருந்து டொக்டர் வாறா. ஒருக்காப் பிந்தினாலும் சரிவராது. வெளிநாட்டுப் பம்ப்பே போதும் எண்டு இதை விட்டிடுவினம்."

ஓம் சேர் என்றேன்.   என் படிப்பு ஒரு பக்கம் கிடக்கட்டும். இது பிந்தினால் மருந்து இல்லாமல் கிடக்கப்போவது உள்ளங்கையளவுப் பிள்ளை ஒன்று.

வாங்க: அப்பாவுக்குச் சவர பிளேட். தீபாவளிக்கு உளுத்தம்மா. குடை, பழையது கம்பி போய்விட்டது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில், புழுக்கம்.

மூன்று வேலையையும் அதனதன் ஆகக்கூடிய நேரம் எடுக்க வைத்து ஓடவிட்டேன். எல்லாமே ஆமை. ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. அப்படியென்றால் கணக்குச் சரி. அப்படியென்றால் எங்கே பிந்துகிறது?

பக்கத்து மேசை கசுன் தன் வழக்கமான வைத்தியத்தைச் சொன்னான். மோட்டார்ப் பக்கம் முழுக்க அவன் கட்டியது. சிங்களப் பொடியன், தமிழ் என்னிடம் பழகியது, அதனால் அதிலும் யாழ்ப்பாண வாடை.

"அக்கே, வேகமான சிப் ஒண்டு போடுவமே."

போட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பழைய சிப்பை விடக் கூடுதலாகப் பிந்திவிட்டது.

வேகம் கூட. பிந்துவதும் கூட.  "மே மொனவத அக்கே," என்றான் கசுன், இதென்ன கூத்து என்று. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது குஷி. சும்மா கோளாறு இப்படி நடக்காது, இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சோற்றுப் பார்சலில் பாதி மிச்சம். அதையே யோசித்துக்கொண்டு வந்து வெள்ளவத்தையில் இறங்க மறந்து தெஹிவளையில் இறங்கினேன். திரும்பி நடை.

ஒக்டோபர் 15, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். 

எங்கள் ஃப்ளாட்டில் குளியலறை ஒன்று. முறை மாறாது: நான், பிறகு தங்கச்சி மது, கடைசியில் அப்பா. மதுவுக்கு ஒபீஸ் வான் பிடிக்க வேண்டும். அப்பா பென்சன்காரர், அவசரமில்லை. ஆனால் உள்ளே போனால் சவரம், குளிப்பு, தேவாரம் எல்லாம் முடிந்துதான் கதவு திறக்கும். இடையில் தட்டிப் பிரயோசனமில்லை.

இன்றைக்கு நான் தலைக்கு வார்க்கவில்லை, சட்டென்று வெளியே வந்துவிட்டேன். மது இன்னும் படுக்கையில். காலியாகக் கிடக்கிறதே என்று அப்பா துவாயோடு உள்ளே போய்விட்டார். அவர் போன கையோடு மது எழும்பி வந்து கதவை இடிக்கிறாள். உள்ளே தேவாரம்.

"அக்கா, உன்னை ஆர் இண்டைக்கு வெள்ளன வெளிய வரச் சொன்னது? நீ வழமைபோல சுணங்கியிருந்தா நான் வாசல்ல நிண்டிருப்பன். அப்பா உள்ள போயிருக்கமாட்டார்."

"வெள்ளன முடிச்சதுக்கும் ஏச்சா?"

"ஓம். நீ வெள்ளன முடிச்சதாலதான் எனக்கு வான் போகுது."

அப்படியே நின்றுவிட்டேன்.

நான்தான் அளக்கிற வேலை. மது மோட்டார். அப்பா திரை, தொடங்கினால் முடியும்வரை நிறுத்த ஏலாது. அளப்பது முந்தி முடிந்தால், சிப் சும்மா இருக்கிறதே என்று திரை எழுதத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகுதான், தன் நேரத்துக்கு, மோட்டார் வந்து வாசலில் நிற்கிறது. அளப்பது சுணங்கினால் மோட்டார் அதற்குள் வந்து காத்திருக்கும், அடுத்த இடம் அதற்கே. வேகமான சிப்பில் அளப்பது இன்னும் முந்தி முடியும், திரைக்குச் சிப்பின் வேகம் கணக்கில்லை, தன் பாட்டில் அதே மெதுவில் எழுதும். மோசமாகாமல் என்ன செய்யும்.

எல்லாம் சுணங்கினாலும் பிந்தாது என்று காட்டிவிட்டேன், பிறகு வேகமாக ஓடினால் கேள்வி ஏது என்று இருந்துவிட்டேன். எங்கள் தொழில்காரர் மட்டும் விழுகிற குழி. மதுவைக் கட்டிப்பிடித்தேன். "விசரி, விடு" என்று தள்ளினாள். வான் போய்விட்டது. திரீவீலர் பிடித்து ஏற்றிவிட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

மப்பு. மழை இல்லை.

கோளாறுக்கு மருந்து வெட்கப்படும் அளவுக்கு எளிது. அளப்பது முந்தி முடிந்தாலும், தனக்குரிய நேரம் தீரும்வரை சிப்பை விடக்கூடாது. சும்மா இருக்க வேண்டும். கசுனுக்கு மனம் ஒப்பவில்லை.

"சும்மா நிக்க வைக்கவா அக்கே வேகமான சிப் வாங்கினனாங்கள்?"

பழையதையே திருப்பிப் போட்டோம். கணக்கை மறுபடி போட்டேன், முந்தி முடிவதையும் சேர்த்து. கணக்குத் தாக்குப்பிடித்து நிற்கிறது. வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று முந்த வைத்தும் ஓடவிட்டேன். பிந்தவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம். பிந்தவே இல்லை.

சேரிடம் குளியலறைக் கதையோடு சொன்னேன், வேறு விதமாக விளங்கப்படுத்தத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஆய்வுப் பேப்பரில எழுதிப்போடாதை பிள்ளை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இல்லை, எழுது."

பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மனுசி இடம் மாறி உட்கார்ந்தார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

நல்ல வெயில். டொக்டர் மு.ப. பதினொரு மணி போல வந்தார். சின்ன உருவம், உட்காரவே இல்லை. ஆங்கிலத்தில் கதைத்தோம், கசுனோடு மட்டும் சிங்களம்.

செவ்வாய்க்கிழமை வரை இது பிந்தியது என்று நானே சொல்லிவிட்டேன். சேரின் முகம் சுருங்கியது. ஏன் பிந்தியது, இப்போது ஏன் பிந்தாது, எல்லாம் சொன்னேன். டொக்டர் பம்ப்பின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்வி: உன்னுடைய பிள்ளை என்றால் இதைப் போடுவாயா?

திங்களன்று கேட்டிருந்தால் கணக்கை எடுத்துக் காட்டியிருப்பேன். இன்று "ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய், வார்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். முதலில் சோதனைக்கு வெறும் போத்தலுக்குள் சேலைன். அது பிந்தாவிட்டால், பிள்ளைக்கு.